இருக்கறனுங்க

தைரியம் சொல்வதற்குச் செலவில்லை. அதனால் நாகலூரில் அதற்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. செல்லப்பனுக்கு ஊரே தைரியம் சொன்னது. என் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னவர்களை மட்டும் ஏற்றினாலே ஒரு பஸ் நிறையும். டீயைக் குடித்துக்கொண்டே சொல்வார்கள், கிளாஸைக் கீழே வைத்ததும் மறந்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாள் காலையில் மரத்தடியில் போய் நிற்க வேண்டியவன் அவன் ஒருவன்தான்.

நான் மலைமேல் நாகலூரில் பஸ் நிற்கும் இடத்தில் கடை வைத்திருப்பவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் செல்லப்பனைப் பற்றி இப்போது ஊரில் பேசுகிற பேச்சைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. பயத்தை ஜெயித்தவன் என்கிறார்கள். மற்றவர்களுக்கு அவனை உதாரணம் காட்டுகிறார்கள். அவன் எப்படி ஜெயித்தான் என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல ஒருவனுக்கும் வாய் வராது.

செல்லப்பன் வாழவந்திக்காரன். அப்பன் விட்டுப்போன சாமைக் காட்டை அண்ணன் தம்பிகள் பங்கு போட்டதில் இவன் பக்கம் பாறைதான் மிஞ்சியது. பாறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எழுபத்தைந்தாம் வருஷ வாக்கில், முத்தாயியைக் கட்டிய கையோடு, நாகலூருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்க வந்து சேர்ந்தான். எஸ்டேட்டில் ஒரு லைன் வீடு கொடுத்தார்கள். ஒரே அறை, முன்னால் கொஞ்சம் சார்ப்பு. முத்தாயி காப்பிப் பழம் பறிக்கப் போனாள். பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

மிளகு பறிப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும் என்று சில்வர் மரங்களை நட்டிருப்பார்கள். நெட்டுக்குத்தாக மேலே போகிற மரம். அதைச் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடி ஏறியிருக்கும். பறிக்கிறவன் ஏற ஒரு ஏணி உண்டு, பேர்தான் ஏணி. ஒரே ஒரு மூங்கில். கணுவுக்குக் கணு கிளையைச் சாண் அளவு விட்டு நறுக்கியிருப்பார்கள், அதில்தான் காலை வைக்க வேண்டும். ஒற்றைக் கால் என்பதால் அது தானாக நிற்காது, உருளும். கீழே ஒரு ஆள் மூங்கிலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். மேலே போனவன் மூங்கிலின் தலைமாட்டைக் கயிற்றால் மரத்தோடு கட்டிவிட்டு, "ஆச்சு" என்று குரல் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் கீழே நிற்பவன் கையை எடுக்கலாம், வெற்றிலை போடலாம், பீடி பற்ற வைக்கலாம். மேலே இருப்பவனின் உயிர் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

செல்லப்பனுக்கு மூங்கில் பிடித்தவன் மாதையன். அவனும் வாழவந்திதான், மச்சான் முறை. நல்லவன், கொஞ்சம் அவசரக்காரன். எண்பதாம் வருஷம் தை மாதத்தில் ஒருநாள் காலையில் பனிமூட்டம் இறங்கித் தோட்டத்தை மூடிவிட்டது. ஏறிப் போன செல்லப்பனின் பாதம் வரைக்கும் மாதையனுக்குத் தெரிந்தது, பிறகு அதுவும் மறைந்தது. அந்த நேரத்தில் பக்கத்து வரிசையில் வேறொருவன் தன் மூங்கிலைக் கட்டிவிட்டு "ஆச்சு" என்றான். மூட்டத்தில் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. மாதையன் அது செல்லப்பன் குரல்தான் என்று நினைத்துக் கையை விட்டான், மடியில் பீடியைத் துழாவினான். செல்லப்பன் அப்போதுதான் கயிற்றைத் தோளிலிருந்து எடுத்திருந்தான். மூங்கில் உருண்டது.

தொடை எலும்பு முறிந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். முத்தாயி வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக மலையேறி இறங்கியே இளைத்துப் போனாள். மாதையன் பல நாள் என் கடைப் பக்கமே வரவில்லை. வந்தபோதும் பீடி வாங்கவில்லை. பீடியை அன்றைக்கே விட்டுவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

எலும்பு கூடியது, மனசு கூடவில்லை. அடுத்த மிளகுப் பருவத்தில் செல்லப்பன் கொஞ்சம் சாய்ந்து நடந்தபடி மரத்தடிக்குப் போனான். ஆள் உயரம் வரைக்கும் ஒன்றுமில்லாமல் ஏறினான். அதற்கு மேல் ஒரு கணு வைத்ததும் இரண்டு கையும் மூங்கிலில் இறுகிவிட்டன. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மேஸ்திரி இன்னொரு மூங்கிலைச் சாத்தி ஏறி, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கினார். கீழே மிளகு பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்தவனின் வேட்டி நனைந்திருந்தது. அதையும் பார்த்தார்கள்.

அப்போது ஆரம்பித்தது தைரியம் சொல்கிற வேலை. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஞானசுந்தரம் தினமும் சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து, பயம் என்பது மனப்பிராந்தி, மனசைத் திடமாக வைத்துக்கொண்டால் தானாக ஓடிவிடும் என்பார். தன் வீட்டில் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறுவதற்கு ஆள் கூப்பிடுகிற மனுஷன் அவர். மேஸ்திரி, ஒருமுறை விழுந்தவன் மறுமுறை விழமாட்டான் என்று ஏதோ கணக்குச் சொன்னார். கூடப் பறிக்கிறவர்கள், ஒரு டம்ளர் சாராயத்தை ஊற்றிக்கொண்டு ஏறச் சொன்னார்கள். ஒருநாள் அதையும் செய்து பார்த்தான், ஆள் உயரம்கூட ஏற முடியவில்லை. சேர்வராயன் கோயில் வரைக்கும் நடந்து போய்க் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டு வந்தான். கயிறு கையில் இருந்தது, கை மூங்கிலில் இறுகியது.

நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஞாபகம் வைத்துக்கொள்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இருந்திருக்காது.

அந்த வருஷம் அவனைக் காப்பி உலர்த்துகிற களத்தில் போட்டார்கள். களத்து வேலை பருவத்துக்கு மட்டும்தான், அதுவும் பெண்கள் செய்கிறது. எஸ்டேட்டை நடத்துகிற துரை, ரைட்டரிடம் ஒன்று தெளிவாகச் சொல்லியனுப்பினார். லைன் வீடு மரம் ஏறுகிறவனுக்குக் கொடுத்தது. வருகிற தை மாதத்தில் ஏறினால் இருக்கலாம், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். வாழவந்தியில் பாறையைத் தவிர இவனுக்கு எதுவும் இல்லை. அண்ணன் தம்பிகளின் வாசலில் போய் நிற்பதைவிட ஏணியிலிருந்து விழுவது மேல் என்று என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, அதற்காவது ஏற முடிய வேண்டுமே என்றான். சிரிக்கவில்லை.

தை பிறந்து மிளகு பறிக்கத் தொடங்கிய முதல் நாள், முத்தாயி பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரி முன்னால் போய் நின்றாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு நான் மூங்கி புடிக்கறனுங்க" என்றாள்.

மேஸ்திரி சிரித்தார். அந்த எஸ்டேட்டில் அதுவரை ஒரு பெண் மூங்கிலைத் தொட்டதில்லை. பலம் போதாது என்றார்கள். மேலே ஆண் நிற்கும்போது கீழே பெண் நிற்பது நன்றாக இல்லை என்றார்கள். ஆண் கூலி கேட்பாள் என்று ரைட்டர் பயந்தார். பெண் கூலியே போதும் என்று அவள் சொன்னதும் அவருக்கு மற்ற காரணங்கள் எல்லாம் மறந்துவிட்டன.

மரத்தடியில் அவள் புருஷனிடம் சொன்னதை மாதையன்தான் கேட்டு வந்து எனக்குச் சொன்னான். "ஆச்சுன்னு நீங்க சொன்னாலும் நான் கையெடுக்க மாட்டனுங்க. கட்டுனாலும் சரி, கட்டாட்டியும் சரி. பயம் வந்தாக் கூப்புடுங்க, நான் சொல்றேன்."

ஆள் உயரம் போனதும் கை இறுகியது. தோட்டத்தில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"முத்தாயி, இருக்கறயா?"

"இருக்கறனுங்க."

ஒரு கணு ஏறினான். மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். இன்னொரு கணு. மற்றவர்கள் நாலு மரத்தை முடித்துவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவன் முதல் மரத்தில்தான் இருந்தான். ஆனால் உச்சியில் இருந்தான். மிளகுக் கொத்து கீழே விழுகிற சத்தம் கேட்டது.

இதை ஊர் சும்மா விடுமா? கடையில் எவனாவது வடை இருக்கிறதா என்று கேட்டால், பெஞ்சிலிருந்து இன்னொருவன் குரலை மெலிதாக்கிக்கொண்டு "இருக்கறனுங்க" என்பான். எல்லாரும் உருண்டு சிரிப்பார்கள். ஒருமுறை செல்லப்பன் கடை வாசலில் நிற்கும்போதே சொன்னார்கள். அன்றைக்குச் சொன்னவனின் கிளாஸைப் பிடுங்கி டீயை ரோட்டில் கொட்டினேன். அவன் அதற்கப்புறம் என் கடைக்கு வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

அப்படியே வருஷங்கள் ஓடின. தை பிறந்தால் தோட்டத்தில் அவர்கள் குரல் கேட்கும். நாகலூர் ரோட்டில் நடந்து போகிறவர்களுக்கே கேட்கும். மரத்துக்கு ஒருமுறை என்று இல்லை, காற்று அடித்தால், கால் வழுக்கினால், பறவை ஒன்று திடீரென்று பறந்தால், உடனே "இருக்கறயா?" உடனே பதில். மற்றவர்கள் கிண்டல் செய்வதைக்கூட மறந்துவிட்டார்கள். பயம் போய்விட்டதா என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கீங்கண்ணா போவுது? அதுபாட்டுக்கு அது இருக்குது. அவபாட்டுக்கு அவ இருக்கறா" என்றான்.

அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது அதுதான். பயம் போகவே இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் பயந்துகொண்டுதான் மரத்தடிக்குப் போனான். போனான் என்பதுதான் விஷயம். வீடு நிலைத்தது.

எண்பத்தெட்டா, எண்பத்தொன்பதா, ஒரு ஐப்பசி அடைமழையில் முத்தாயி காய்ச்சலில் படுத்தாள். காதில் சீழ் கட்டி வடிந்தது. தைலம் விட்டார்கள், பூண்டு வாட்டி வைத்தார்கள், ஊசியும் போட்டார்கள். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு கடைக்கு வந்தவளிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரெண்டு டீ, சர்க்கரை கம்மியா, என்றாள். உடம்பு சரியில்லாத எரிச்சலில் பேச்சுக் கொடுக்கப் பிடிக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தை மாதமும் இரண்டு பேர் குரலும் கேட்டது. அதற்கடுத்த தை மாதமும் கேட்டது. யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் செல்லப்பன் தனியாக வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். கொடுத்த டீ ஆறிப் பாலாடை கட்டியது, அவன் தொடவில்லை. கடையில் வேறு ஆள் இல்லாதபோது பேசினான். அன்று காலையில் மரத்தின் மேல் இருக்கும்போது மேகம் கருத்ததாம். "முத்தாயி, மழை வருது, எறங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். கீழேயிருந்து "இருக்கறனுங்க" என்று பதில் வந்தது. சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்து, மிளகுச் சாக்கை நனையாமல் எடுத்து வைக்கச் சொல்லிக் கத்தினான். அதற்கும் "இருக்கறனுங்க" என்றாள். இறங்கி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். நெற்றியை மூங்கிலில் வைத்தபடி நின்றவள் திரும்பவில்லை.

காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. இரண்டு பருவமாக அவன் கூப்பிட்ட எதையும் அவள் கேட்கவில்லை. வீட்டில் வாயசைவைப் பார்த்துச் சமாளித்திருக்கிறாள். இவனும் அதிகம் பேசுகிறவன் இல்லை.

பின்னே எப்படி அவ்வளவு சரியான நேரத்துக்குப் பதில் சொன்னாள் என்று கேட்டேன். அதைத்தான் அவனும் அவளிடம் சைகையில் கேட்டிருக்கிறான்.

"நீங்க ஏறுனா மூங்கி ஒரு மாதிரி ஆடுமுங்க, பறிச்சா வேற மாதிரி ஆடுமுங்க. ரெண்டும் இல்லாம நடுக்கம் மட்டும் எறங்கி வந்துதுன்னா, நீங்க பயந்துட்டீங்க, என்னையக் கூப்புடறீங்கன்னு தெரியுமுங்க" என்று அவள் சொன்னாளாம்.

இதைச் சொல்லும்போது செல்லப்பன் கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன். அத்தனை பேர் அத்தனை வருஷம் அவனுக்குத் தைரியம் சொன்னோமே, அவன் பயம் என்ன அளவு, என்ன எடை என்று எங்களில் ஒருவனுக்குத் தெரியுமா? அவள் நெற்றிக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் நான் ஒன்று சொன்னேன். காது கேட்காதவள் மரத்தடியில் நிற்பது ஆபத்து, மேலேயிருந்து எது விழுந்தாலும் தெரியாது, மேஸ்திரியிடம் சொல்லி வேறு ஆள் போடச் சொல் என்றேன்.

"வேற ஆளு புடிச்சா நான் ஏற மாட்டனுங்கண்ணா. ஏறாட்டி ஊடு போயிருமுங்க" என்றான்.

அவன் சொன்னது நிஜம். இரண்டு பேரும் அதை ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். அவன் முன்போலவே மேலேயிருந்து வாய்விட்டுக் கூப்பிட்டான், அவள் முன்போலவே பதில் சொன்னாள். கேட்காதவளைக் கூப்பிட்டு என்ன பயன் என்று ஒருமுறை கேட்டதற்கு, கூப்பிட்டால்தான் தனக்கு நடுக்கம் நிற்கிறது என்றான்.

தொண்ணூற்று இரண்டாம் வருஷம் பங்குனி. மிளகு முடிகிற நேரம். கோடை மழை வருவதற்கு முன்னால் அடிக்கிற காற்று அடித்துக்கொண்டிருந்தது. நிழல் அதிகமான மரங்களில் அதற்கு முந்தைய வாரம் கிளை கழித்திருந்தார்கள். வெட்டிய ஒரு கிளை கீழே வராமல் மேலே கவட்டையில் மாட்டிக்கொண்டு கிடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. சில்வர் மரத்துக் கிளை என்றால் ஒரு ஆள் தூக்க முடியாத கனம்.

செல்லப்பன் அந்த மரத்தில்தான் இருந்தான். காற்றில் கிளை கவட்டையை விட்டு நழுவத் தொடங்கியதைப் பார்த்தான். நேர் கீழே முத்தாயி நின்றாள். கத்தினான். கத்திய பிறகுதான் அவளுக்குக் கேட்காது என்பது ஞாபகம் வந்தது. மூங்கிலை உள்ளங்கையால் அடித்தான், உலுக்கினான், முழு பலத்தோடு உலுக்கினான். விலகு என்று சொல்ல அவனிடம் வேறு வழி இருக்கவில்லை.

அவள் அந்த உலுக்கலை உணர்ந்தாள். அதுவரை வராத அளவுக்குப் புருஷனுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். மூங்கிலை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"இருக்கறனுங்க" என்றாள்.

கிளை விழுந்தது.

எஸ்டேட் ஜீப்பில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு செல்லப்பன் சேலத்துக்குப் போனான். கூட மாதையன் இருந்தான். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஜீப் குலுங்கும்போதெல்லாம் அவள் உதடு அசைந்ததாம். சத்தம் வரவில்லை, ஆனால் என்ன சொல்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது. அடிவாரம் வந்து, ஜீப் சமதரையில் குலுக்கலில்லாமல் ஓடத் தொடங்கியதும் உதடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி போய் என்ன, போகாமல் என்ன?

காரியம் முடிந்து, ஆடியும் ஆவணியும் போய், மறு தை பிறந்தது. செல்லப்பன் ஏறமாட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ரைட்டர் லைன் வீட்டுக்கு வேறு ஆளைக்கூடப் பேசி வைத்திருந்தார். முதல் நாள் காலையில் அவன் வந்தான், மூங்கிலை எடுத்தான், சாத்தினான், ஏறினான். ஆள் உயரத்தில் நிற்கவில்லை. எந்தக் கணுவிலும் நிற்கவில்லை. கை நடுங்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. மற்றவர்கள் ஏறத் தயங்குகிற மரங்களில் எல்லாம் ஏறினான். காற்று அடித்தாலும் இறங்கவில்லை.

ஊருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஞானசுந்தரம் என் கடையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, நான் அப்போதே சொன்னேன் இல்லையா, மனசைத் திடப்படுத்தினால் பயம் தானாக ஓடிவிடும் என்று, என்றார். துரை ஆயுத பூஜையின்போது எல்லார் முன்னாலும் செல்லப்பனுக்கு ஒரு வேட்டி கொடுத்தார். புதிதாக மரம் ஏற வருகிற பையன்களுக்கு மேஸ்திரி அவனைக் காட்டி, விழுந்து எழுந்தவனைப் பார், பயத்தை ஜெயித்தவனைப் பார் என்று பாடம் எடுக்கிறார்.

எனக்கு வயிறு எரிகிறது என்று சொன்னது இதற்குத்தான். பயப்படுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். விழுந்தால் போய்விடும் என்று நினைக்க ஒரு ஆள், ஒரு வீடு, சாயங்காலம் என்று ஒன்று. அது எல்லாம் இருந்தவரை அவன் பயந்தான், பயந்துகொண்டே ஏறினான். அதற்கு எவனும் வேட்டி கொடுக்கவில்லை, சிரித்தார்கள். இப்போது அவனிடம் பயம் இல்லை என்றால் பயத்தோடு சேர்த்து மற்றதும் இல்லை என்று அர்த்தம். லைன் வீடு தங்கிவிட்டது, அதில் விளக்கு ஏற்ற ஆள் இல்லை. இருட்டிய பிறகுதான் அங்கே போகிறான், விடிவதற்கு முன்னால் வெளியே வந்துவிடுகிறான்.

மூங்கில் பிடிப்பது மறுபடி மாதையன்தான். மற்றவர்கள் யாரும் முன்வரவில்லை. தலைமாட்டைக் கட்டாமலேயே பறிக்கிற ஆளுக்குக் கீழே நிற்க யாருக்கு மனசு வரும்? ஆமாம், செல்லப்பன் இப்போது மூங்கிலைக் கட்டுவதில்லை. கயிறு தோளில் கிடக்கும், எடுப்பதில்லை. மேஸ்திரி பார்க்கும்போது மட்டும் பேருக்கு ஒரு சுற்று சுற்றுவான்.

போன மாசியில் ஒருநாள் தோட்டத்துக்கு டீ கேனை எடுத்துக்கொண்டு நானே போக வேண்டி வந்தது. மூட்டம் இறங்கியிருந்தது. மரங்களுக்கு நடுவில் வழி தடவிப் போகும்போது முன்னால் ஒரு குரல் கேட்டது. மாதையன் குரல். அழுகிற மாதிரி இருந்தது.

"மச்சா, இருக்கறயா?"

பதில் இல்லை. கிட்டே போனேன். மாதையன் இரண்டு கையாலும் மூங்கிலைக் கட்டிக்கொண்டு, நெற்றியை அதில் அழுத்தி நின்றான். நடுங்குவது மேலே இருந்தவன் இல்லை, இவன். மேலே எதுவும் தெரியவில்லை. மூங்கில் மூட்டத்துக்குள் போய் முடிந்துவிட்டது. கொத்து விழுகிற சத்தமும் நின்றிருந்தது.

"மச்சா, இருக்கறயான்னு கேக்கறனில்ல?"

ரொம்ப நேரம் கழித்து மேலேயிருந்து வந்தது.

"இருக்கறன்."

கொஞ்சம் பொறுத்து, சாதாரணமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி, "உடு மாதையா. நீ கையெடுத்துக்க" என்றான்.

மாதையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் டீ கேனைச் செடியடியில் வைத்துவிட்டுப் போய், அவன் கைக்கு மேலே நானும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். மேலேயிருந்து "ஆச்சு" என்ற குரல் வரவே இல்லை.